பண்ணை வீட்டு மகள் ஆளாவது எப்போது? ஸ்காட்லாந்தின் நிலமும் பெண்களும்

ஏப்ரல் மாதம். ஸ்காட்லாந்தின் தெற்கு மேட்டுநிலத்தில் ஆடுகள் குட்டி போடும் காலம். நள்ளிரவு தாண்டிவிட்டது. கொட்டகையில் ஒரு பெட்டை ஆடு முக்கி முக்கிப் பார்த்துக் களைத்துப் படுத்திருக்கிறது. குட்டியின் தலை மட்டும் தெரிகிறது, முன்னங்கால்கள் வரவில்லை. அப்பாவின் கை பெரியது, உள்ளே விட்டால் ஆட்டுக்குத் தாங்காது. வீட்டில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் இருந்தால் அவளைத்தான் எழுப்புவார்கள். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வழுக்குவதற்கு ஜெல் தடவிக்கொள்கிறாள். குட்டியின் தலையை மெதுவாக உள்ளே தள்ளி, மடங்கிக் கிடக்கும் காலைத் தேடிப் பிடிக்கிறாள். கருப்பையைக் கிழித்துவிடாமல் இருக்க, சின்னக் குளம்பை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டே காலை நேராக்குகிறாள். பிறகு ஆடு முக்கும்போது மட்டும் இழுக்கிறாள். வெளியே வந்து விழுந்த குட்டியின் மூக்கில் ஒரு வைக்கோலை விட்டு ஆட்டினால் அது தும்மி மூச்செடுக்கும். தொப்புள்கொடியில் அயோடின் தடவி, வயிற்றில் சீம்பால் இறங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவாள். விடிந்தால் பள்ளிக்கூடம்.

இந்தப் பெண்ணுக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனிடம் ஊர்க்காரர்கள், "பெரியவனானதும் அப்பா பண்ணையை நீதானே பார்க்கப்போகிறாய்?" என்பார்கள். இவளிடம், "பெரியவளானதும் என்ன ஆகப்போகிறாய்?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் சில நூற்றாண்டுச் சட்டமும் குத்தகைப் பத்திரமும் பள்ளிக்கூடமும் இரண்டு உலகப் போர்களும் இருக்கின்றன. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்கப்போகிறேன்.

ஆளாவது என்று தமிழில் சொன்னால் உடம்பு வளர்வதையும் குறிக்கும், தனக்கென்று ஒரு நிலை பெற்ற மனுஷியாக மாறுவதையும் குறிக்கும். முதலாவது எல்லா ஊரிலும் தானாக நடக்கும். இரண்டாவதை ஸ்காட்லாந்துப் பண்ணையில் நிலத்தை வைத்தே அளந்தார்கள்.

நூறு நூற்றிருபது வருடங்களுக்கு முன்னால் போவோம். வடகிழக்கில், அபர்டீனுக்குத் தெற்கே மெர்ன்ஸ் என்று ஒரு வட்டாரம். செம்மண், களிமண் பூமி. ஒரு பக்கம் கிராம்பியன் மலை, இன்னொரு பக்கம் வட கடல். ஓட்ஸ், பார்லி, டர்னிப், புல், மாடு என்று மாறி மாறி ஓடும் விவசாயம். நிலம் பெரும்பாலும் லேர்டு எனப்படும் நிலக்கிழாருடையது. விவசாயக் குடும்பங்கள் குத்தகைதாரர்கள். 19 வருடக் குத்தகைதான் அங்கே வழக்கம். பையன் பிறந்தபோது எழுதிய பத்திரம், அவன் கலப்பை பிடிக்கும் வயதுக்கு வரும்போது புதுப்பிக்க வரும். மகனுடைய வளர்ச்சியும் குத்தகையும் இப்படிக் கைகோத்தே நடந்தன.

மகளின் நாள் வேறு மாதிரி ஓடியது. விடியுமுன் பால் கறப்பது, கோழி திறந்துவிடுவது, வெண்ணெய் கடைவது, ஓட்ஸ் ரொட்டி சுடுவது. கன்றுக்குட்டியை வாளியில் பால் குடிக்கப் பழக்குவது பெரும்பாலும் சிறுமிகளின் வேலை. விரலைப் பாலில் நனைத்துக் கன்றின் வாயில் வைக்க வேண்டும். அது சப்பத் தொடங்கியதும் கையை மெல்ல மெல்ல வாளிக்குள் இறக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் விரல் இல்லாமலே குடிக்கும். ஜூனில் டர்னிப் வயலில் மண்வெட்டியோடு இறங்கிப் பயிர் கலைத்துவிட வேண்டும். பனிக்காலத்தில் அதே டர்னிப்பைப் பிடுங்க வேண்டும். இலையில் உறைந்த பனி கையை வெட்டும், விரல் மரத்துப்போகும். ஓட்ஸ் அறுவடையில் அரிவாள் வீசுகிறவர் பின்னால் குனிந்தபடி கதிரை வாரிச் சேர்ப்பது பெண்கள்.

அந்த அறுவடையில் ஒரு வழக்கம் இருந்தது. வயலில் கடைசியாக அறுக்கும் கதிர்க்கட்டுக்குக் கிளையக் என்று பெயர். கேலிக் மொழியில் சின்னப் பெண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அந்தக் கட்டைப் பெண்போல அலங்கரித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். களத்தில் இருப்பவர்களில் இளைய பெண்ணின் கையில் அதைக் கொடுப்பதும் உண்டு. பல இடங்களில் அதைப் பத்திரமாக வைத்திருந்து, சினையான குதிரைக்கோ முதலில் கன்று போடும் பசுவுக்கோ பின்னால் தின்னக் கொடுத்தார்கள். அறுவடை தாமதமானால் அதே கட்டுக்குக் கிழவி என்று பெயர். நிலத்தின் விளைச்சலுக்கே பெண் பெயர் வைத்த ஊர் அது. குத்தகைப் பத்திரத்தில் மட்டும் பெண் பெயரைக் காண்பது அபூர்வம்.

பண்ணையில் கூலிக்கு இருந்தவர்களையும் சொல்ல வேண்டும். கல்யாணமாகாத ஆண்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் வருவார்கள். மே மாதமும் நவம்பர் மாதமும் வேலையாள் சந்தை கூடும். பேரம் படிந்ததும் விவசாயி ஒரு நாணயத்தைக் கையில் வைப்பார், அது அச்சாரம். ஆண்கள் போத்தி எனும் கொட்டில் வீட்டில் தங்கித் தாங்களே ஓட்ஸ் மாவில் வெந்நீர் ஊற்றிக் கிளறித் தின்பார்கள். வீட்டுக்குள் வேலை செய்யும் பெண்ணைக் கிச்சி டீம் என்பார்கள், சமையல்கட்டுப் பெண் என்று பொருள். கூலிக்காரியும் வீட்டு மகளும் செய்த வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கிச்சி டீமுக்காவது ஆறு மாதம் கழித்துச் சம்பளம் கைக்கு வந்தது. மகளுக்கு அதுவும் கிடையாது. முட்டை விற்ற காசு அம்மாவின் கையில் இருக்கும், அதில் ஏதோ கொஞ்சம் வரும்.

தெற்கே எல்லைப்புறத்திலும் லோதியன் சமவெளியிலும் இதைவிடக் கடுமையான ஒரு முறை இருந்தது. அங்கே ஓர் உழவர் பண்ணையில் வேலைக்குச் சேர வேண்டுமானால், வயல் வேலைக்கு ஒரு பெண்ணையும் தன்னோடு கூட்டி வர வேண்டும். மனைவி, மகள், தங்கை, யாரும் இல்லையென்றால் தன் செலவில் ஒரு கூலிப்பெண். அவளுக்குப் பாண்டேஜர் என்று பெயர். கறுப்பு வைக்கோல் தொப்பி, தலையில் துணி, கனத்த கம்பளிப் பாவாடை, இவைதான் அவள் உடை. அப்பாவின் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக மகள் வயலுக்கு வந்தாள். கட்டாயம் போன பிறகும் அந்த உடையில் பெண்கள் இருபதாம் நூற்றாண்டிலும் வயலில் நின்றார்கள்.

அப்புறம் பள்ளிக்கூடம் வந்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் 5 வயது முதல் 13 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றது. 1901இல் 14 வயது வரை என்று உறுதியானது. பெண்பிள்ளைக்கு இது உண்மையிலேயே ஒரு கதவு. ஆனால் அந்தக் கதவைத் தாண்ட மொழியை வெளியே கழற்றி வைக்க வேண்டியிருந்தது. வீட்டில் பேசுவது ஸ்காட்ஸ், அதிலும் வடகிழக்கின் டோரிக் வழக்கு. பையனை லூன் என்பார்கள், பெண்ணை க்வைன் என்பார்கள். "எப்படி இருக்கிறாய்?" என்பதற்கு "ஃபிட் லைக்?" வகுப்பில் ஆங்கிலம் மட்டும். வீட்டுச் சொல் வாயில் வந்துவிட்டால் திருத்துவார்கள், தோல்வாரால் உள்ளங்கையில் அடியும் விழும். மண், மாடு, மழை எல்லாவற்றுக்கும் அவளுக்குத் தெரிந்த சொல் ஒன்று, பரீட்சையில் எழுத வேண்டிய சொல் வேறொன்று. நன்றாகப் படிக்கும் பெண் இரண்டு பேராக வளர்ந்தாள் என்றே நான் நினைக்கிறேன். பண்ணையைப் பற்றிய அவளுடைய அறிவு முழுக்க எழுத முடியாத மொழியில் தங்கிவிட்டது.

படிப்பு எங்கே கொண்டுபோகும்? ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்கள் 1892 முதல் பெண்களுக்குப் பட்டம் தர அனுமதி பெற்றன. அபர்டீனில் முதல் நான்கு பெண்கள் 1898இல் பட்டம் வாங்கினார்கள். 1901இல் கார்னகி அறக்கட்டளை வந்து கட்டணத்துக்கு உதவியது. ஏழை வீட்டில் பிறந்து அறிவால் மேலே வரும் பையனுக்கு அந்த நாட்டில் "லாட் ஓ பேர்ட்ஸ்" என்று ஒரு பெயரே உண்டு, அவனைப் பற்றி ஊர் பெருமையாகப் பேசும். பெண்ணுக்கு அப்படி ஒரு பெயர் ஊர் வாயில் நிலைக்கவில்லை. அவளுக்கு எட்டிய வேலை பெரும்பாலும் ஆசிரியை. அதற்கும் ஒரு விலை: கல்யாணம் ஆனால் வேலையை விட வேண்டும். ஆசிரியைகள் மீதான அந்தத் தடை ஸ்காட்லாந்தில் 1945இல்தான் போனது. சரி, படிக்காமல் வீட்டிலேயே இருந்தால்? அம்மா பிரசவத்திலோ நோயிலோ போய்விட்டால் மூத்த மகள் படிப்பை நிறுத்திவிட்டு அடுப்பையும் தம்பி தங்கைகளையும் ஏற்றுக்கொள்வாள். அப்பாவின் வீட்டைக் காத்துக் காத்தே முப்பது வயதைக் கடந்த மகள்கள் அந்த ஊர்ப்பக்கம் புதிதல்ல.

இளைய பிள்ளைகள் எல்லாருக்குமே நிலம் போதவில்லை என்பதும் உண்மை. பையன்கள் கனடாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். நமக்குத் தெரிந்த ஒருவர் இதே மெர்ன்ஸ்காரர்தான். ஆக்கென்பிளே அருகில் 1835இல் பிறந்த ஜேம்ஸ் டெய்லர், 1852இல் இலங்கைக்கு வந்தார். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். பின்னால் அந்த மலைகளில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்கள் தமிழ்ப் பெண்கள். மெர்ன்ஸிலிருந்து கப்பலேறுவது மகன்களுக்கு ஒரு வழியாக இருந்தது. மகள்களுக்கு அந்த வழியும் குறுகலானது.

இப்போது சட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. பழைய ஸ்காட்லாந்துச் சட்டம் சொத்தை இரண்டாகப் பிரித்தது: நிலம், வீடு போன்ற அசையாச் சொத்து, மாடு, கருவி, பணம் போன்ற அசையும் சொத்து. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அசையாச் சொத்து முழுவதும் மூத்த மகனுக்கு. மகனே இல்லை என்றால்தான் மகள்களுக்கு. குத்தகை உரிமையும் இதே வாரிசு வரிசையில்தான் போனது. அசையும் சொத்தில் மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு பங்கு உண்டு. துணை உயிரோடு இருந்தால் மூன்றில் ஒன்று, இல்லையென்றால் பாதி. அந்தப் பங்கை உயிலாலும் பறிக்க முடியாது. இந்தக் கணக்கில் ஒரு மகள் பத்து வயதிலிருந்து வளர்த்த பசுவில் பங்கு கேட்கலாம், பசு மேய்ந்த நிலத்தில் கேட்க முடியாது.

1964ஆம் ஆண்டு வாரிசுச் சட்டம் மூத்த மகன் முறையை ஒழித்தது. உயில் இல்லாத சொத்தில் மகனும் மகளும் சமம் என்றானது. பாதி வழி வந்த சட்டம் என்று இதைச் சொல்வேன். உயில் எழுதினால் நிலம் முழுவதையும் ஒரே மகனுக்குக் கொடுக்க இன்றும் தடையில்லை, பிள்ளைகளின் கட்டாயப் பங்கு இன்றும் அசையும் சொத்தில் மட்டும்தான். 2009இல் ஸ்காட்லாந்துச் சட்ட ஆணையம் நிலத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதை ஒரு வழியாக முன்வைத்தது. பண்ணைகள் துண்டாகிவிடும் என்று விவசாயத் தரப்பில் எதிர்ப்பு வந்தது. 2016இல் புதிய வாரிசுச் சட்டம் வந்தபோதும் அந்த மாற்றம் அதில் இல்லை.

எதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. மலைப் பண்ணை ஒன்று பல நூறு ஹெக்டேர் இருந்தாலும் ஒரு குடும்பத்துக்குத்தான் சோறு போடும். நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது, அதிலிருந்து வரும் வருமானம் அதற்கு ஈடாக இல்லை. மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் மூவருக்கும் பண்ணை இருக்காது. ஒருவர் மற்ற இருவரின் பங்கை விலைக்கு வாங்கினால் ஆயுள் முழுக்கக் கடன். ஆகவே ஒரே வாரிசு என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஒரே வாரிசு மகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கு மண்ணிலும் காரணம் இல்லை, கணக்கிலும் காரணம் இல்லை.

இதைப் போர்க்காலம் இரண்டு முறை நிரூபித்தது. முதல் உலகப் போரில் இளைஞர்கள் போனார்கள், உழவுக்கு நின்ற கிளைட்ஸ்டேல் குதிரைகளை ராணுவம் பிடித்துக்கொண்டு போனது, காற்றைத் தடுத்து நின்ற மரங்களை வெட்டினார்கள். பண்ணை நின்றுபோகவில்லை, வீட்டுப் பெண்கள் ஓட்டினார்கள். 1917இல் தானியத்துக்கு அரசு விலை உத்தரவாதம் கொடுத்தது, 1921இல் அதை ரத்து செய்தது. விலை சரிந்தது. அதே வருடங்களில் லேர்டுகள் பலர் எஸ்டேட்டை விற்றார்கள், குத்தகைதாரர்கள் கடன் வாங்கித் தங்கள் பண்ணையை வாங்கினார்கள். குடும்பப் பண்ணை என்று இன்று ஸ்காட்லாந்தில் பெருமையாகச் சொல்வதில் பல அந்தக் காலத்தில் குடும்பத்துக்குச் சொந்தமானவை. வாங்கிய பத்திரத்திலும் மகளுக்கு இடம் இருந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை.

1917 ஜூனில் இன்னொன்றும் நடந்தது. கிழக்கு லோதியனில் ஹோப்ரிக் மெயின்ஸ் என்ற பண்ணையின் தலைவி கேதரின் பிளேர், லாங்நிட்ரி ஊரில் ஸ்காட்லாந்தின் முதல் கிராமப் பெண்கள் கழகத்தைத் தொடங்கினார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட போராட்டத்தை ஆதரித்தவர் அவர். தனித்தனிப் பண்ணை வீடுகளில் வாரக்கணக்கில் வேறு பெண் முகம் பார்க்காமல் கிடந்தவர்கள் மாதம் ஒரு முறை கூடினார்கள். ஜாம் போடுவதும் பின்னல் வேலையும்தானே என்று சிலர் இதைக் குறைத்துப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று பேசவும் கணக்கு வாசிக்கவும் பண்ணைப் பெண்கள் பழகிய இடம் அது.

முதல் போரில் பண்ணை வேலைக்குப் பெண்களைத் திரட்டிய பெண்கள் நிலப்படை, இரண்டாம் உலகப் போரில் மறுபடி வந்தது. நகரத்துப் பெண்களும் காற்சட்டையும் பச்சை ஸ்வெட்டரும் போட்டுப் பால் கறந்தார்கள், டிராக்டர் ஓட்டினார்கள். 1950இல் அந்தப் படையைக் கலைத்தார்கள். அதற்குள் ஃபெர்குசன் டிராக்டர் ஊர் ஊராக வந்துவிட்டது. சின்னச் சாம்பல்நிற வண்டி. கலப்பையைப் பின்னால் மூன்று புள்ளிகளில் மாட்டி ஹைட்ராலிக் விசையால் தூக்கும். பதினைந்து வயதுப் பெண்ணால் சுலபமாக ஓட்ட முடியும், உடம்பு வலிமை தேவையில்லை. நியாயமாகப் பார்த்தால் அந்த இயந்திரமே பேதத்தை ஒழித்திருக்க வேண்டும். ஆனால் பல வீடுகளில் அண்ணன் தம்பிக்கு டிராக்டர் சாவி போனது, பெண்ணுக்குக் கணக்குப் புத்தகமும் கோழிக்கூண்டும் வந்தன. கூலியாட்கள் குறைந்துபோக, வீட்டுப் பெண்களின் வேலை கூடியது. அது உதவி என்ற பெயரில் நடந்ததால் யாரும் எண்ணவில்லை.

மலைப் பண்ணைகளில் ஹெஃப்ட் என்று ஒரு விஷயம் உண்டு. வேலி இல்லாத மலையில் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லையைத் தானே அறிந்து மேயும். எங்கே இளம்புல் முதலில் முளைக்கும், பனிப்புயலில் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும் என்பதைத் தாய் ஆடு தன் குட்டிக்கு முதல் கோடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கிடாக்குட்டிகளை இலையுதிர்காலத்தில் விற்றுவிடுவார்கள். பெட்டைக் குட்டிகளில் நல்லவற்றை மலையிலேயே வைத்துக்கொள்வார்கள். நிலத்தின் ஞாபகம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. பண்ணை கைமாறினாலும் மந்தை நிலத்தோடு சேர்ந்தே போகும், ஏனென்றால் அந்த அறிவை வேறு ஆட்டுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இதை முதலில் தெரிந்துகொண்டபோது வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த ஆடுகளைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளரும் பெண், அந்த மலையின் அதே ஞாபகத்தைத் தன் கால்களில் வைத்திருக்கிறாள். அவளைத்தான் கல்யாணத்துக்கோ நகரத்து வேலைக்கோ அனுப்பிவைக்கிறார்கள்.

ஸ்காட்லாந்து அரசே இதை ஆராயச் சொன்னது. 2017இல் வந்த அந்த ஆய்வு, பெண்கள் விவசாயத்துக்குள் வருவதற்கு இருக்கும் தடைகளில் மிகப் பெரியது, பெரிய பண்ணையை உடைக்காமல் ஒரு மகனுக்கே கொடுக்கும் வழக்கம் என்று நேராகச் சொல்லிவிட்டது. அதே வருடம் ஒரு பணிக்குழு அமைந்தது. அதன் இணைத்தலைவர்களில் ஒருவர் ஜாய்ஸ் கேம்பல், வடகோடி சதர்லாந்தில் ஆட்டுப் பண்ணை நடத்துபவர். 2019இல் அறிக்கை வந்தது. பயிற்சிக்கு நிதி, குழந்தை பராமரிப்பு, பண்ணை கைமாற்றம் பற்றிக் குடும்பத்துக்குள் பேச உதவி என்று பல பரிந்துரைகள். டிரெய்லர் ஓட்டுவது, டிராக்டர் கையாள்வது போன்ற செய்முறைப் பயிற்சிக்குப் பெண்களுக்கென்று தனிப் பணம் ஒதுக்கினார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கிடாவை ஏற்றிய டிரெய்லரைச் சந்தையில் பத்துப் பேர் பார்க்கப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டிய பெண்ணைக் கேட்டால் தெரியும். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதில் வயலிலேயே கற்றுக்கொடுத்த வேலை அது.

வீடுகளிலும் பேச்சு தொடங்கியிருக்கிறது. 2024 அக்டோபர் பட்ஜெட்டில் பண்ணை நிலத்துக்கான வாரிசு வரிச் சலுகையைக் குறைக்கப்போவதாக லண்டன் அறிவித்தது. சாகும்வரை தள்ளிப்போட்ட விஷயத்தைச் சமையலறை மேசையில் போட்டுப் பேச வேண்டிய கட்டாயம் வந்தது. யார் பெயரில், எப்போது, எவ்வளவு. பேச ஆரம்பித்தால்தான் மகள், "எனக்கு இங்கேயே இருக்க ஆசை" என்று வாய்விட்டுச் சொல்லவே சந்தர்ப்பம் கிடைக்கிறது. பல அப்பாக்கள் மகளிடம் அதைக் கேட்டதே இல்லை, வேண்டாம் என்று மறுத்ததும் இல்லை.

பொறுப்பு படிப்படியாகத்தான் கைக்கு வரும். முதலில் வேலை. பிறகு எந்தக் கிடாவை வாங்குவது, எந்த வயலை உழுவது என்ற முடிவுகள். காசோலையில் கையெழுத்து கடைசியில், சில வீடுகளில் பிள்ளைக்கு ஐம்பது வயதாகும்போது. பல பண்ணைகள் அப்பா, அம்மா, பிள்ளை சேர்ந்த கூட்டு நிறுவனமாக நடக்கின்றன. அந்தப் பங்காளிப் பத்திரத்தில் இருபது வயதில் பெயர் ஏறிய மகளும், நாற்பது வயது வரை ஏறாத மகளும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். வங்கிக்கும் கால்நடை மருத்துவருக்கும் தீவனம் விற்க வருகிறவருக்கும் இருவரும் ஒன்றல்ல. பெயர் ஏறாத வீட்டில், ரப்பர் பூட்ஸோடு கதவைத் திறக்கும் பெண்ணிடம் வந்தவர், "முதலாளி இருக்கிறாரா?" என்று கேட்பார்.

பழைய ஸ்காட்லாந்து நாட்காட்டியில் மே 15 ஒரு தவணை நாள். குத்தகைப் பணம் கட்டுவதும் குத்தகை தொடங்குவதும் முடிவதும் அந்த நாளை வைத்துத்தான். இன்று பண்ணை மானியத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளும் மே 15தான். குட்டி போடும் காலம் ஓய்ந்து, கண்ணில் தூக்கம் பாக்கி இருக்கும் சமயம். எந்த வயலில் என்ன, எத்தனை ஹெக்டேர், எத்தனை ஆடு என்று வரைபடத்தோடு ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். பல வீடுகளில் அதை உட்கார்ந்து நிரப்புவது மகளோ மருமகளோதான், வயல்களின் பெயர் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். படிவத்தின் மேலே, விவசாயி என்ற இடத்தில், யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.